மஞ்சள் சீட்டு, பச்சைச் சீட்டு

கிடங்கில் வந்திறங்கும் எந்த மூட்டைக்கும் கொனாடு முதலில் மஞ்சள் சீட்டுதான் ஒட்டுவாள். சோதனைக்கூடத்திலிருந்து நல்ல சேதி வந்த பிறகுதான் பச்சை. தேறாவிட்டால் சிவப்பு. குமாசி நகரத்தின் ஓரத்தில் இருந்த அந்தச் சின்ன மருந்துத் தொழிற்சாலையில் இது காவலாளி முதல் முதலாளி வரை எல்லோருக்கும் தெரியும். யார் வந்து காலில் விழுந்தாலும் மஞ்சள் ஒட்டிய மூட்டை அவளுடைய கம்பிவலைக் கதவைத் தாண்டாது.

"என்னையும் இப்படித்தான் மஞ்சள் சீட்டு ஒட்டி மூலையில போட்டு வச்சிருந்தா. இந்தச் சனிக்கிழமைதான் பச்சை ஒட்டப் போறா" என்று ஒஃபோசு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். பொட்டலம் கட்டும் இயந்திரங்களுக்கு அவன் பொறுப்பாளி. சனிக்கிழமை அவன் வீட்டார் மதுப் பாட்டில்களோடு பெண் கேட்டு வந்து கொனாடுவின் அப்பா வீட்டுக் கதவைத் தட்டப் போகிறார்கள். தட்டும் சடங்கு முடிந்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி.

அந்தச் சந்தோஷத்தில் வியாழக்கிழமை காலை மண் விழுந்தது.

கடலோர மாவட்டங்களில் காலரா. மழை தொடங்கியதிலிருந்து தொழிற்சாலை இரண்டு ஷிஃப்ட் ஓடி, வயிற்றுப்போக்குக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களாகக் கட்டி அனுப்பிக்கொண்டிருந்தது. குளுக்கோஸ், உப்பு, சிட்ரேட், பொட்டாஷ் என்று நாலே சரக்கு. நாலில் ஒன்று தீர்ந்தாலும் மற்ற மூன்றும் வெறும் மாவு. கடைசி லோடுக்குப் பொட்டாஷ் எடுக்கப் போன கொனாடு, பலகைமேல் அடுக்கியிருந்த மூட்டைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள். மறுபடி எண்ணினாள்.

"இத்ரீசு அண்ணே, இங்க ஒரு மூட்டை பொட்டாஷ் குறையுது. பின்னாடி எங்கயாவது அடுக்கினீங்களா?"

மூட்டை இறக்கி அடுக்கும் இத்ரீசு, வடக்கிலிருந்து வந்து, வெளியூர் முஸ்லிம்கள் வாழும் ஸோங்கோ பேட்டையில் குடியிருப்பவர். தலையில் வெள்ளைக் குல்லாய், முகத்தில் எப்போதும் பாதிச் சிரிப்பு. அந்தச் சிரிப்பு மெல்ல அணைந்தது.

"என் கை அடுக்கினது எனக்குத் தெரியாதா சிஸ்டர்? நீங்க சொன்ன இடத்தை விட்டு ஒரு சாண் தள்ளி வச்சதில்ல."

இருவருமாகக் கிடங்கைப் புரட்டினார்கள். எலிப்பொறிகள்தான் கிடைத்தன.

முதலாளியின் பெயர் அஜேகும். நல்ல மனிதர்தான். ஆனால் அவருடைய கோபத்துக்கு முன்கதவு மட்டும்தான் உண்டு, வந்த வழியே திரும்பிப் போகத் தெரியாது. சேதி கேட்டதும் மேஜையில் ஓங்கித் தட்டினார்.

"பொட்டாஷ்னா என்ன? உரம்! வயலுக்குப் போடற உரம். நம்மகிட்ட இருக்கறது சுத்தம் பண்ணினது, அவ்வளவுதான் வித்தியாசம். இத்ரீசுவோட தம்பி எஜுராவுல என்ன பண்றான்? மக்காச்சோளம் போடறான். இன்னும் என்ன யோசனை வேண்டிக்கிடக்கு?"

"பாஸ், அவரு அப்படிப்பட்டவர் இல்ல."

"அப்ப நீ எடுத்தியா? சாவி உன் கழுத்துலதானே தொங்குது."

கொனாடு கழுத்துக் கயிற்றில் தொங்கிய சாவியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு மத்தியானம் போலீஸ்ல சொல்லப் போறேன். காலரா மருந்துல கை வச்சவனை சும்மா விட்டா என் பேரு அஜேகும் இல்ல. அதுவரைக்கும் அவன் கிடங்குக்குள்ள வரக் கூடாது, வேலைக்கு வந்தா காவல்காரன் பக்கத்துலதான் உக்காரணும், எங்கயும் போகக் கூடாது. அப்புறம் நேத்து வந்த பொட்டாஷ் இருக்கே, அதை எடுத்து லோடை முடி."

"அது மஞ்சள், பாஸ்."

"ஒரு மூட்டைதானே!"

"ஒரு மூட்டையா இருந்தாலும் மஞ்சள் மஞ்சள்தான். சோதனை முடியட்டும்."

அவர் அவளை முறைத்தார். அவள் தரையைப் பார்த்தாள். ஆனால் நகரவில்லை. கடைசியில் அவர்தான் கையை உதறிக்கொண்டு நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்.

மூட்டை எங்கே போனது என்று நாளை மத்தியானத்துக்குள் கண்டுபிடிக்க வேண்டும். இல்லையென்றால் இத்ரீசுவின் பேர் கெட்டுவிடும். பிறகு உண்மை தெரிந்து என்ன பயன்? ஸோங்கோவிலிருந்து வந்தவன் திருடன் என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அதைத் துடைக்க ஊரில் துணி கிடையாது.

அன்று முழுவதும் கொனாடு சாப்பாட்டைக்கூட மறந்து அலைந்தாள். பின்கேட்டில் போய் நின்றாள். குப்பை வண்டிக்காரனை விசாரித்தாள். அவன் "உன் பொட்டாஷை வச்சு நான் என்ன, வாழைக்காயா வேக வைக்கப் போறேன்?" என்று கேட்டுவிட்டுப் போனான். கூரை ஒழுகி மூட்டை கரைந்திருக்குமோ என்று ஏணி வைத்து ஏறிப் பார்த்தாள். ஓட்டையே இல்லை.

சாயங்காலம் வேறு யோசனை வந்தது. எல்லோரும் பொட்டாஷையே பார்த்துக்கொண்டிருக்கிறோமே, மற்றதெல்லாம் சரியாக இருக்கிறதா? உப்பை எண்ணினாள். குறைந்தது. சிட்ரேட்டை எண்ணினாள். அதுவும் குறைந்தது. குளுக்கோஸ் லாரி லாரியாக வந்து கூரையைத் தொட அடுக்கியிருந்ததால் யாரும் அதைச் சந்தேகப்பட்டதே இல்லை. அதுதான் எல்லாவற்றையும்விட அதிகமாகக் குறைந்திருந்தது.

கொனாடு மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அதிகம் செலவான சரக்கு அதிகம் குறைந்திருந்தது. கொஞ்சம் செலவானது கொஞ்சமாகக் குறைந்திருந்தது. நாலும் ஒரே விகிதம். உப்பைத் திருடுகிறவன் எவனாவது உண்டா? தெருமுனைக் கடையில் கேட்டால் ஒரு பிடி உப்பு சும்மா தருவார்களே! அதுவும் நாலு சரக்கையும் மருந்துச் சூத்திரம் பார்த்துத் திருடுகிற திருடன் உலகத்தில் உண்டா?

கேட்டுக்கு வெளியே ஒஃபோசு அவளுக்காகக் காத்திருந்தான். இருவரும் கென்கே என்கிற சோள மாவுக் கொழுக்கட்டை விற்கிற பெண்ணின் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவன் பொரித்த மீனைப் பிய்த்து அவள் பக்கம் தள்ளினான்.

"சாப்பிடு. முகம் காஞ்சு போயிருக்கு. சனிக்கிழமை எங்க மாமா வந்து, 'இந்த வீட்டுல ஒரு பூவைப் பார்த்தோம்'னு ஆரம்பிப்பாரு. பூ இப்படி வாடியிருந்தா என்ன நினைப்பாரு?"

"உன் மெஷின்ல எவ்வளவு பொடி சிந்துது, ஒஃபோசு?"

"பாத்தியா, பூவைப் பத்திப் பேசினா பொடியைப் பத்திக் கேக்கறா!" அவன் நெஞ்சை நிமிர்த்தினான். "சிந்தறதே இல்ல. முன்னெல்லாம் எப்படியும் கொஞ்சம் வீணாகும். இப்ப ஒவ்வொரு தடவையும் கணக்குக்கு மேலேயே பொட்டலம் விழுது. பாஸ் எனக்கு அரிசி மூட்டை பரிசு கொடுத்தாரே, எதுக்குன்னு நினைச்சே? என் கைராசி!"

கொனாடுவின் கை மீனோடு அப்படியே நின்றது.

"கணக்குக்கு மேலயா?"

"மேலதான்."

"எப்பலேர்ந்து?"

"மழை ஆரம்பிச்சதுலேர்ந்து. ரெண்டு ஷிஃப்ட் ஆச்சே, அதுலேர்ந்து."

உள்ளே போன சரக்கைவிட அதிகமாக வெளியே வராது. பொட்டலம் கூடியிருக்கிறது என்றால் பொடி கூடுதலாகப் போயிருக்கிறது. கிடங்குக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு அறை. நிறுவை அறை. மழை தொடங்கியபோது அங்கே புதிதாக வந்தவர் ஒரே ஒருவர்.

ஒஃபோசுவின் அம்மா.

அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் கொனாடு கென்கே உறையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

*

ஆன்ட்டி பிராகோ சந்தையில் முப்பது வருஷம் அரிசியும் பயறும் விற்றவள். கடை தீயில் போன பிறகு மகன் வேலை செய்யும் இடத்திலேயே அட்டைப்பெட்டி மடிக்க வந்தாள். இரண்டு ஷிஃப்ட் ஆனபோது நிறுவை அறைக்கு ஆள் தேவைப்பட்டது. பயிற்சியில் எல்லோரையும்விட முதலில் தேறியவள் அவள்தான். தராசைக் கண்டால் அவள் கைக்கு உயிர் வந்துவிடும்.

வெள்ளிக்கிழமை காலை கொனாடு நிறுவை அறையின் கண்ணாடிக்கு வெளியே நின்றாள். உள்ளே பிராகோ தொப்பியும் முகமூடியும் கையுறையுமாக, அகப்பையால் உப்பை வாளியில் போட்டுக்கொண்டிருந்தாள். சரியான எடைக்கு மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் போகலாம். அந்த எல்லைக்குள் இருக்கும்வரை தராசில் பச்சை விளக்கு எரியும். எரிந்தால் தாளில் ஒரு டிக். கணினி சூத்திரத்தில் உள்ள அளவையே கிடங்குக் கணக்கில் கழித்துக்கொள்ளும்.

விளக்கு எரிந்தது. எண் சரியான எடையில் வந்து நின்றது. பிராகோவின் கை நிற்கவில்லை. அகப்பையை வாளி விளிம்பில் மெல்லத் தட்டினாள். இன்னொரு தட்டு. விளக்கு அணைவதற்குக் கொஞ்சம் முன்னால், கண்ணை மூடிக்கொண்டு செய்வதுபோல, கச்சிதமாக நிறுத்தினாள். டிக். அடுத்த வாளி. மறுபடி அதே தட்டல்.

கொசுறு.

ஊரில் எந்தச் சந்தையிலும் எந்தப் பெண்ணும் தலைதட்டி அளந்ததோடு கையை எடுக்க மாட்டாள். மேலே ஒரு பிடி போட்டால்தான் வாங்குகிறவள் நாளைக்கும் வருவாள். போடாதவளுக்குக் கஞ்சப்பிசினாறி என்று பேர். ஒவ்வொரு வாளியிலும் ஒரு தட்டு, ஒவ்வொரு நாளும் அத்தனை வாளி, மழைக்காலம் முழுவதும். மூட்டை போன வழி இதுதான்.

பிராகோ வெளியே வந்து கையுறையைக் கழற்றும்வரை கொனாடு காத்திருந்தாள்.

"ஆன்ட்டி, எடை சரியா வந்தப்பறமும் ஏன் போடறீங்க?"

"விளக்கு எரியுதே! அணையறவரைக்கும் போடலாம்னுதானே சொல்லிக்கொடுத்தாங்க?"

"போடலாம். மருந்துக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா எப்பவும் மேல் பக்கமாவே போட்டா கிடங்குல குறையும். பொட்டாஷ் குறைஞ்சது அதனாலதான்."

பிராகோ இடுப்பில் கை வைத்தாள். "ஏ! நான் திருடிங்கறியா?"

"நீங்க இல்ல. இத்ரீசுவைத் திருடன்ங்கறாங்க."

"முள்ளு நடுவுல நின்ன உடனே கையை எடுக்கறவளுக்கு நெஞ்சுல கல்லுதான் இருக்கும். முப்பது வருஷம்! என் கையால குறைச்சு வாங்கினேன்னு ஒருத்தி சொல்லட்டும், இந்த ஊரையே விட்டுப் போறேன். வயித்தால போற குழந்தைக்குப் போற மருந்து இது. அதுல போயி என்னைக் கஞ்சத்தனம் பண்ணச் சொல்றியா?"

"பாஸ்கிட்ட நீங்களே வந்து சொல்லுங்க ஆன்ட்டி. இல்லேன்னா நான் சொல்ல வேண்டியிருக்கும்."

பிராகோ அவளை உச்சி முதல் பாதம் வரை அளந்தாள்.

"நாளைக்கு உங்கப்பன் வீட்டுக் கதவை யாரு தட்டப் போறா, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு ஆன்ட்டி."

"இருந்துமா?"

கொனாடு நிமிர்ந்து சொன்னாள். "இருந்தும்தான்."

தாளில் கையெழுத்துப் போடக் கொனாடுவிடம் வாங்கியிருந்த பேனாவைப் பிராகோ திருப்பி நீட்டினாள். இடது கையால். பெற்ற தாய்க்குச் சமமானவள் வேண்டுமென்றே இடது கையை நீட்டியது கன்னத்தில் அறைந்ததைவிட மோசமாக வலித்தது. கொனாடு வலது கையால் வாங்கிக்கொண்டு, நேராக முதலாளியின் அறைக்கு நடந்தாள்.

*

வாசலில் காவலாளி பக்கத்து நாற்காலியில் இத்ரீசு உட்கார்ந்திருந்தார். வெள்ளிக்கிழமைக்கென்று உடுத்திவந்த வெள்ளை அங்கி. கையில் தொழுகை மணிமாலை. பள்ளிவாசலுக்குப் போகக்கூட அனுமதி இல்லை.

முதலாளி முழுவதும் கேட்டார். பிறகு சிரித்தார்.

"கொசுறு போட்டு ஒரு மூட்டை கரையுமா? நல்ல கதை! அந்த ஆளைக் காப்பாத்த உனக்கு வேற கதை கிடைக்கலையா?"

"ஒஃபோசுவோட மெஷின்ல பொட்டலம் கூடியிருக்கு பாஸ். உப்பும் குறைஞ்சிருக்கு, குளுக்கோசும் குறைஞ்சிருக்கு. நீங்களே வந்து பாருங்க. ஆன்ட்டி எப்பவும் போல ஒரு வாளி நிறுக்கட்டும்."

அவர் எழுந்தபிறகுதான் தான் என்ன கேட்டுவிட்டோம் என்பது கொனாடுவுக்கு உறைத்தது. எல்லாம் இப்போது அந்த ஒரு கையில் இருக்கிறது. காலையில் இடது கையால் பேனா கொடுத்தவள் அவள். முதலாளி எதிரில் எடை சரியாக வந்ததும் நிறுத்திவிட்டால் போதும். கொனாடு பொய்க்காரி, இத்ரீசு திருடன்.

ஒஃபோசு வந்து சேர்ந்தான். சேதி அவனுக்கு எட்டியிருந்தது. அவன் கொனாடுவை ஒருமுறை பார்த்தான், கண்ணாடிக்கு உள்ளே அம்மாவை ஒருமுறை பார்த்தான். பிறகு கொனாடுவின் பக்கத்தில் வந்து நின்றான்.

"எப்பவும் போல நிறுங்க பிராகோ" என்றார் முதலாளி, கண்ணாடியின் சின்னத் திறப்பு வழியாக.

பிராகோ அகப்பையை எடுத்தாள். பொட்டாஷ் வெள்ளை மணல்போல வாளியில் சரிந்தது. விளக்கு எரிந்தது. எண் ஏறி, சரியான எடையில் நின்றது. பிராகோவின் கையும் நின்றது.

கொனாடு கழுத்துச் சாவியைப் பிடித்துக்கொண்டாள்.

பிராகோ தலையைத் தூக்கினாள். கண்ணாடிக்கு வெளியே முதலாளி, மகன், அந்தப் பிடிவாதக்காரப் பெண். அவர்களுக்குப் பின்னால், காவலாளியோடு வந்து ஓரமாக நின்ற வெள்ளை அங்கி. எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் குனிந்தாள். அகப்பையை வாளி விளிம்பில் தட்டினாள். இன்னொரு தட்டு. விளக்கு அணையப் போகிற இடத்தில் நிறுத்தினாள்.

முகமூடியைக் கீழே இழுத்தாள். "பெரிய மனுஷங்க முன்னாடி ஒரு எடை, பின்னாடி ஒரு எடைன்னு எனக்கு நிறுக்கத் தெரியாது. அவ சொன்னது நிஜம். நான்தான் போட்டேன். எல்லா வாளியிலயும் போட்டேன். இத்ரீசு, என்னை மன்னிச்சுக்க தம்பி. உன் பேருல பழி வரும்னு எனக்குத் தெரியாது."

முதலாளி கண்ணாடியில் நெற்றியை வைத்தபடி வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்த மூட்டை?"

"கடலோரத்துல எல்லார் வயித்துலயும் இருக்கு பாஸ்" என்றான் ஒஃபோசு.

"நீ பேசாதே! கைராசியாம் கைராசி. என் அரிசி மூட்டையைத் திருப்பிக் கொடு."

"அது செரிச்சுப் போச்சு பாஸ். இந்த அம்மா சமைச்சா மிஞ்சுமா?"

காவலாளி முதலில் சிரித்தான். இத்ரீசுவின் பாதிச் சிரிப்பும் அதன் இடத்துக்குத் திரும்பியது. முதலாளி அவர் பக்கம் போனார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவர் என்பதால் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார்.

"இத்ரீசு... நான் அவசரப்பட்டுட்டேன்."

"தொழுகைக்கு நேரமாச்சு பாஸ். போகலாமா?"

"என் வண்டியில போ. டிரைவரைக் கூப்பிடு."

இத்ரீசு போகும்போது கொனாடுவுக்கு நேரே நின்று, நெஞ்சில் கை வைத்துத் தலையைத் தாழ்த்தினார்.

அன்று பிற்பகலே கொனாடு தராசில் பச்சை விளக்கு எரியும் எல்லையை இறுக்கச் சொன்னாள். கணினியில் சூத்திர அளவை அல்ல, தராசு காட்டிய எடையையே எழுத ஏற்பாடு செய்தாள். பிராகோவுக்கு மறுபடி பயிற்சி, அதுவரை அட்டைப்பெட்டி. "போட்டே ஆகணும்னா உங்க வீட்டுச் சோத்துல போடுங்க" என்று முதலாளி சொன்னதும் பிராகோ முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொனாடுவைத் திரும்பியும் பார்க்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு மகனுக்குக்கூடக் காத்திராமல் டாக்சி ஏறிவிட்டாள்.

மஞ்சள் ஒட்டிய பொட்டாஷுக்குச் சோதனை முடிவு அன்று வரவில்லை. கடைசி லோடு திங்கட்கிழமைதான் போகும் என்று கொனாடு எழுதினாள். முதலாளி இந்தமுறை முறைக்காமல் கையெழுத்துப் போட்டார்.

*

சனிக்கிழமை கொனாடுவின் அம்மா விடியும் முன்பே ஜொலோஃப் சோற்றுக்குத் தக்காளி வதக்க ஆரம்பித்துவிட்டாள். கொனாடு நாற்காலிகளைத் துடைத்தாள், துடைத்ததையே திரும்பத் துடைத்தாள். அம்மா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டாள். "வருவாங்களா?"

"தெரியலம்மா."

"அந்தம்மா வரலேன்னா?"

"வரலேன்னாலும் நான் சொன்னது சரிதான்." சொல்லிவிட்டுத் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கதவு தட்டப்பட்டது. ஒஃபோசுவின் மாமா பாட்டில்களோடு முன்னால் நின்றார். பின்னால் அத்தைகள், சித்தப்பா, கோட்டு போட்டு வியர்த்துக்கொண்டிருந்த ஒஃபோசு. எல்லோருக்கும் பின்னால், கல்யாணத்துக்குக் கட்டுகிற லேஸ் துணியில், தலைத்துணி கோபுரமாக நிற்க, ஆன்ட்டி பிராகோ.

மாமா பூவைப் பற்றி நெடுநேரம் பேசினார். பாட்டிலைத் திறந்தால் பெண்ணுக்குச் சம்மதம் என்று பொருள். திறக்கலாமா என்று அப்பா வழக்கப்படி மூன்று தடவை மகளைக் கேட்டார். மூன்று தடவையும் கொனாடு திறக்கலாம் என்றாள். மூன்றாவது தடவை அவள் கண் பிராகோவின் மேல் இருந்தது. பிராகோவின் கண் கூரையின் மேல் இருந்தது.

பிறகு சாப்பாடு. கொனாடு சோற்றுப் பாத்திரத்தோடு வரிசையாக வந்தாள். பிராகோவின் தட்டில் ஒரு கரண்டி வைத்தாள். சோறு தலைதட்டிய அளவாகத்தான் விழுந்தது. பிராகோ தட்டைப் பார்த்தாள். தட்டை இறக்கவில்லை.

"அவ்வளவுதானா? தராசுல நிறுத்து எடுத்துட்டு வந்தியா?"

கொனாடு கரண்டியை ஆழமாக விட்டு, குவியக் குவிய எடுத்து, தட்டில் கவிழ்த்தாள். இன்னொரு கரண்டி. மேலே ஒரு கோழித் துண்டு. அதற்கு மேலே இன்னொன்று.

பிராகோவின் வாயோரம் துடித்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"இத்ரீசு காலையில வீட்டுக்கு வந்தான். ஆட்டுக்கால் கொண்டு வந்தான், உனக்காகப் பேசினான். 'ஆன்ட்டி, இந்தப் பொண்ணு உங்க மருமகளா இருக்கறது உங்களுக்குத்தான் நல்லது'ங்கறான். எனக்கு எது நல்லதுன்னு அவன் சொல்றான் பாரு!"

ஒஃபோசு கோட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தான். "அம்மா, அப்ப பச்சைச் சீட்டு ஒட்டியாச்சா?"

"யாரு சொன்னது? மஞ்சள்தான். சோதனை நடந்துக்கிட்டிருக்கு." பிராகோ ஒரு வாய் சோறு எடுத்து நிதானமாக மென்றாள். எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள். அவள் கொனாடுவின் அம்மா பக்கம் திரும்பி, "உப்பு சரியா இருக்கு" என்றாள்.

பிறகு தட்டைக் கொனாடுவிடம் மறுபடி நீட்டினாள். வலது கையால்.